பிலிப்பைன்ஸ் கம்பு வித்தையில் இருவர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி நிமித்தமாகச் செபு நகரில் தங்கியிருந்த ஆண்டுகளில், வாரத்தில் மூன்று மாலைகள் எஸ்க்ரிமா என்ற கம்பு வித்தை வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தேன். அந்நகரில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆசிரியரிடம் கேட்கத் தயங்கிய ஐயங்களை, வகுப்பு முடிந்து ஜீப்னி என்ற சிற்றுந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் கேட்பார்கள். ஆண்டுதோறும் முகங்கள் மாறினவே தவிரக் கேள்விகள் மாறவில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கி, என் விடைகளோடு இங்கே தருகிறேன். நான் ஆசிரியன் அல்லன். அடி கொடுத்தும் வாங்கியும் பழகியவன், அவ்வளவே.

அர்னிஸ், எஸ்க்ரிமா, காலின்னு மூணு பேர் சொல்றாங்களே, மூணும் வேற வேறயா அண்ணா?

ஒரே பிள்ளைக்கு வீட்டுப்பெயர் ஒன்றும் பள்ளிக்கூடப்பெயர் ஒன்றும் இருப்பதைப் போன்றதுதான் இது. லூசோன் பகுதியில் அர்னிஸ் என்ற பெயரும், செபு உள்ளிட்ட விசாயாஸ் தீவுகளில் எஸ்க்ரிமா என்ற பெயரும் வழங்குகின்றன. காலி என்பது பிலிப்பைன்ஸுக்கு வெளியே, குறிப்பாக அமெரிக்காவில் கற்றவர்களிடம், அதிகம் புழங்கும் பெயர். முதல் இரண்டும் ஸ்பானிய ஆட்சிக் காலத்தின் மிச்சம்: போர்க்கவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அர்னிஸும், வாள்வீச்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து எஸ்க்ரிமாவும் வந்தன. 2009 டிசம்பர் 11 அன்று கையெழுத்தான குடியரசுச் சட்டம் 9850, அர்னிஸை அந்நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது.

பெயரைக் காட்டிலும் பள்ளிதான் முக்கியம். செபுவில் 1932-இல் டோசே பாரெஸ் கழகம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து விலகிய வெனான்சியோ பாகோன் 1952-இல் பாலின்தாவாக் என்ற தனி வழியை நிறுவினார். நெக்ரோஸ் தீவில் பிறந்த ரெமி பிரேசாஸ் நவீன அர்னிஸ் என்பதை உருவாக்கினார். ஒரே பயிற்சி ஒரு பள்ளியில் ஒரு பெயரிலும், பக்கத்துத் தெருப் பள்ளியில் வேறு பெயரிலும் வேறு எண்ணிக்கையிலும் நடக்கும். ஆகவே, கீழே நான் சொல்வது உங்கள் ஆசிரியர் சொல்வதோடு மோதினால், அந்தக் கூடத்தில் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

தனியா கம்பு வீசிப் பழகினா போதாதா? எதுக்கு எதிர்ல ஒரு ஆள்?

தனியாகப் பழகுவதற்கும் இக்கலையில் இடமுண்டு. அதைக் கரென்சா என்கிறார்கள். வீச்சின் பாதை, இடுப்பின் திருப்பம், காலடி ஆகியவற்றைத் தனிமையில் செம்மைப்படுத்தலாம். ஆனால் எட்டும் தூரம் எவ்வளவு, எந்தக் கணத்தில் நகர வேண்டும், தடுத்த கம்பின் வழியாக எவ்வளவு விசை கைக்கு வந்து சேர்கிறது ஆகிய மூன்றையும் வெறுங்காற்று கற்றுத்தராது. காற்று திருப்பி அடிப்பதில்லை. நாம் தவறான இடத்தில் நின்றாலும் அது குறை சொல்வதில்லை.

எந்தக் கம்பு வாங்கணும்? மூங்கில் ஆகாதா?

பிரம்புதான் வாங்க வேண்டும். செபுவில் அதை ஓலிசி என்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் 28 அங்குலம், அதாவது ஏறத்தாழ 71 செ.மீ. நீளமும், ஒரு அங்குலத்துக்குச் சற்றே உட்பட்ட பருமனும் வழக்கம். மூங்கில் உள்ளே கூடாக இருப்பதால், அடிபட்டுப் பிளக்கும்போது கூரிய சிம்புகளாகத் தெறிக்கும். பிரம்பு உள்ளே கெட்டியானது. முறியும் முன்பே நாராக உரிந்து எச்சரிக்கும். நார் உரியத் தொடங்கிய இடத்தில் துணிநாடாவை இறுகச் சுற்றி இன்னும் சில வாரம் ஓட்டலாம்.

கடைகளில் கமகோங் என்ற கருநிற மரக்கம்பைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். அது நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம். கனமும் அழகும் உண்டு. ஆனால் அதை இருவர் பயிற்சிக்குக் கொண்டுவராதீர்கள்: எலும்பில் பட்டால் பிரம்பின் வலி விளையாட்டாகத் தோன்றும், கம்போடு கம்பு மோதினால் சில்லு தெறிக்கவும் கூடும். மேலும், இரண்டு பிரம்புகள் வேகமாக உரசும்போது எழும் இலேசான கருகல் வாசனையை வேறெந்த மரமும் தராது. முதல் முறை அதை முகர்ந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் எங்கோ ஏதோ தீய்கிறது என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அடிபடாம இருக்க என்னென்ன போட்டுக்கணும்?

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி முதல் தேவை, மற்றவை பிறகு. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரம் அணிந்த விரலில் பிரம்பு பட்டு, விரல் வீங்கி, மோதிரத்தை அறுத்து எடுக்க நேர்ந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கம்பைப் பிடிக்கும்போது கட்டைவிரலை அதன்மேல் நீட்டி வைக்காமல் மற்ற விரல்களின் மேல் மடக்கி வையுங்கள். கீழே ஒரு கைப்பிடி அளவு மிஞ்சியிருக்கட்டும். அந்த மிச்சத்துக்குப் புன்யோ என்று பெயர். அதன் பயன் பிறகு வரும். தொடக்க வாரங்களில் மெல்லிய கையுறை அணிவதில் வெட்கமில்லை.

ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணைச் சொல்லி அடிக்கிறாங்களே, அது என்ன கணக்கு?

அடி வரும் பாதைக்கும் இலக்குக்கும் இட்ட எண் அது. பல பள்ளிகளில் பன்னிரண்டு எண்கள் உண்டு. நவீன அர்னிஸில் 1 எதிராளியின் இடப்பக்க நெற்றிப்பொட்டு, 2 வலப்பக்க நெற்றிப்பொட்டு, 5 வயிற்றில் குத்து, 12 உச்சந்தலை. வேறு பள்ளியில் இதே எண்கள் வேறு இடத்தைக் குறிக்கலாம் என்பதால், புதிய கூடத்துக்குப் போனால் எண்ணை நம்பாமல் கையைப் பாருங்கள்.

அடி கொடுக்கிறவர், ஏற்கிறவர்னு பிரிக்கிறாங்க. கொடுக்கிறவருக்கு என்ன பெரிய வேலை? சும்மா வீசினா போச்சு, இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. இதற்குச் சரியான விடை புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும். ஏற்பவர் கற்கும் பாடத்தின் தரத்தைக் கொடுப்பவர்தான் நிர்ணயிக்கிறார். கொடுக்கும் அடி இலக்கை நோக்கி வர வேண்டும், எட்டும் தூரத்திலிருந்து வர வேண்டும், ஏற்பவர் தாங்கக்கூடிய வேகத்தில் வர வேண்டும். இம்மூன்றில் வேகத்தை மட்டுமே குறைக்கலாம். குறியையும் தூரத்தையும் குறைத்தால், ஏற்பவர் இல்லாத ஆபத்துக்கு ஒரு தடுப்பைக் கற்றுக்கொள்கிறார்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அறுபதைக் கடந்த மூத்த மாணவர் ஒருவரோடு ஒன்றாம் எண் அடியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தேன். கம்புகள் 'டக் டக்' என்று ஒரே சீராக ஒலித்ததில் எனக்குப் பெருமை. திடீரென்று அவர் தம் கம்பைத் தாழ்த்திவிட்டு அப்படியே நின்றார். பதறிப்போனேன், ஆனால் என் கம்பு அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் காற்றை வெட்டிக்கொண்டு போனது. அவர் சிரித்துக்கொண்டே தம் கம்பைக் காட்டி, பிறகு தம் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். இத்தனை நாளும் நான் அடித்தது அவர் கம்பைத்தான், அவரை அல்ல.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சோதனை இது: ஏற்பவர் தடுக்காமல் விட்டால் என் கம்பு அவரைத் தொட வேண்டும், அதே வேளையில், தொடும் முன் நிறுத்தும் கட்டுப்பாடும் என்னிடம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வராத வேகத்தில் நான் அடி கொடுப்பதில்லை. மெதுவான பொய் அடியைவிட மெதுவான உண்மை அடி ஆயிரம் மடங்கு மேல். வேகமான பொய் அடியோ வேடிக்கை பார்ப்பவர்களைத் தவிர எவருக்கும் பயன்படாது.

சினாவாலியை ஏன் முதல்ல சொல்லித்தர்றாங்க? ரெண்டு கம்புன்னா கஷ்டம் இல்லையா?

மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வீட்டுச் சுவராக நிறுத்தும் தட்டிக்கு அங்கே சவாலி என்று பெயர். இரண்டு கம்புகள் அதே போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் போவதால் இப்பயிற்சி சினாவாலி ஆயிற்று. அதன் ஒரு வகை ஆறு எண்ணிக்கை கொண்டது. ஆறும் தலை மட்டத்திலேயே நடக்கும். வலக்கம்பு வலத்தோளின் மேலும், இடக்கம்பு வலது அக்குளின் கீழும் இருக்க, இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். வலக்கை உள்ளங்கைப் பக்கமாக வெட்டுகிறது. அக்குளின் கீழிருந்து இடக்கை புறங்கைப் பக்கமாக வெட்டுகிறது. மீண்டும் வலக்கை, இம்முறை புறங்கைப் பக்கமாக. மூன்று முடிந்ததும் இடப்பக்கம் நிலை மாறி, அதே மூன்றும் இடக்கையிலிருந்து தொடங்கும்.

இரண்டு கம்பு என்பது கடினத்தைக் கூட்டுவதற்காக வந்ததன்று. வலக்கைப் பழக்கமுள்ளவர் ஒரு கம்போடு பழகினால் இடக்கை வெறும் சுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே அதற்கும் சம பங்கு வேலை கிடைக்கிறது. தவிர, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வதால், யார் கொடுப்பவர், யார் ஏற்பவர் என்ற குழப்பம் புதியவர்களுக்கு வராது. இரண்டாம் வெட்டில்தான் எல்லாரும் சிக்கிக்கொள்வார்கள்: அக்குளின் கீழிருக்கும் கம்பை மறந்துவிட்டு வலக்கையையே மறுபடி வீசுவார்கள். அப்போது நிறுத்தி முதலிலிருந்து தொடங்குங்கள். தடுமாறியபடியே தொடர்ந்தால் தடுமாற்றமே பழகிவிடும்.

நிஜச் சண்டையில யாராவது கம்பைக் குறிவெச்சு அடிப்பாங்களா? அப்புறம் ஏன் கம்போட கம்பு மோதிக்கிட்டே இருக்கோம்?

அடிக்க மாட்டார்கள். பழைய ஆசான்களின் முதல் இலக்கு, ஆயுதம் ஏந்திய கைதான். கை நொறுங்கினால் ஆயுதம் கீழே விழும். பிறகு எதிரே இருப்பது பல் பிடுங்கிய பாம்பு. விந்தை என்னவென்றால், நம் வழக்கில் உள்ள இந்த உவமையையே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களும் கையை அடிப்பதற்குச் சொல்கிறார்கள்.

ஆனால் நாள்தோறும் துணைவரின் விரலை உடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் துணைவர் இருக்க மாட்டார். ஆகவே, கை இருக்க வேண்டிய இடத்தில் கம்பை வைத்தார்கள். காயமில்லாமல் கற்கும் வழியைத் தேடிய ரெமி பிரேசாஸ் இந்த மாற்றத்தை வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர். அடிக்குப் பயந்து ஓடிய இளைஞர்கள் திரும்பி வந்தால்தான் கலை மிஞ்சும் என்பது அவர் கணக்கு. எனவே கம்பின் மேல் உங்கள் கம்பு மோதும் ஒவ்வொரு முறையும், அந்த இடத்தில் எதிராளியின் மணிக்கட்டு இருப்பதாகவே கொள்ளுங்கள். அப்படிக் கொண்டால் நீங்கள் நிற்கும் தூரம் தானாகவே மாறும். அடி கொடுப்பவரைப் பற்றிய விடையில் 'கம்பை அடிக்காதே' என்ற பொருளில் சொன்னதும் இங்கே 'கம்பை அடி' என்பதும் முரண் அல்ல: அங்கே சொன்னது தாக்கும் அடிக்கு, இங்கே சொன்னது அதற்கு விடையாக வரும் அடிக்கு.

எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு பிடிபடவே மாட்டேங்குதே?

மூன்று தூரங்கள் உண்டு. எதிராளியின் கையை மட்டுமே உங்கள் கம்பின் நுனி எட்டினால் அது லார்கோ. கம்பு அவர் தலையை எட்ட, உங்கள் வெறுங்கை அவர் ஆயுதக் கையைத் தொட முடிந்தால் மெடியோ. இன்னும் நெருங்கி, கம்பின் நுனி பயனற்றுப்போய் முன்னே சொன்ன புன்யோவும் முழங்கையும் வேலைக்கு வந்தால் கோர்ட்டோ. பயிற்சி தொடங்கும் முன், கையை நீட்டிக் கம்பின் நுனியைத் துணைவரின் தோளில் மெல்ல வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நீங்கள் லார்கோவில் நின்றுகொண்டு மெடியோவுக்கான பயிற்சியைச் செய்கிறீர்கள். அடிக்குப் பயந்து அரை அடி பின்வாங்கி நிற்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

ஒரு கம்புப் பயிற்சியில இடது கையை எங்கே வெச்சுக்கிறது?

நெஞ்சுக்கு முன்னால், விரல்கள் தளர்ந்து, எப்போதும் தயாராக. அதை உயிருள்ள கை என்று அழைக்கிறார்கள். கம்பு தடுத்த மறுகணம் இந்தக் கை எதிராளியின் மணிக்கட்டையோ முன்கையையோ தொட்டு அடுத்த அடி கிளம்பாமல் அழுத்துகிறது. இறுகப் பற்றுவது தேவையில்லை. பற்றினால் உங்கள் கையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கம்பு எதிராளியின் கையை எட்டுவதற்கு முன் வெறுங்கையை நீட்டினால் அடி அதன்மேல்தான் விழும் என்பதால், வரிசை மிக முக்கியம்: முதலில் கம்பு, பிறகு கை.

ஹுபுத்னு ஒண்ணு வெறுங்கையில செய்றாங்க. கையைச் சுத்திச் சுத்தி என்ன கத்துக்கிறோம்?

தொடுதலை வாசிக்கக் கற்கிறோம். துணைவர் வலக்கையால் மேலிருந்து சாய்வாக அடிக்கிறார். உங்கள் இடது முன்கை அதை ஏற்கிறது. உங்கள் வலக்கை அடியில் நுழைந்து, அந்தக் கையை மறுபக்கமாகக் கடத்துகிறது. உடனே இடக்கை அவர் முழங்கைக்குச் சற்று மேலே அழுத்திப் பூட்டுகிறது. விடுபட்ட வலக்கை இப்போது அடியாகக் கிளம்ப, அவர் அதை ஏற்கிறார். கட்டவிழ்ப்பதும் கட்டுவதுமாகச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். முதலில் சிரிப்பு வரும். ஐந்து நிமிடத்தில், துணைவரின் தோள் இறுகுவதும், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவதும் முன்கையின் தோல் வழியாகவே தெரியத் தொடங்கும். ஹுபுத்தின் பயன் அந்தத் தெரிதலில் இருக்கிறது. சுழற்சியின் அழகில் இல்லை. அழகாகச் சுழற்றிக்கொண்டே எங்கோ பார்த்துப் பேசுகிறவர்கள், மன்னிக்க வேண்டும், மாவாட்டுகிறார்கள்.

சும்பிராதாவில மட்டும் எண்ணிக்கை மறந்து குழம்பிடுது. எப்படி நினைவு வெச்சுக்கிறது?

எண்ணிக்கையை நினைவில் வைக்க முயல்வதே குழப்பத்துக்குக் காரணம். சும்பிராதாவில் தடுப்பும் எதிரடியும் இணைந்து ஒரே மூச்சில் வரும்: நீங்கள் தலைக்கு மேல் கம்பைக் கூரைபோலச் சாய்த்துத் தடுத்து, வெறுங்கையால் அழுத்தி, உடனே எதிரடி கொடுக்கிறீர்கள், அந்த எதிரடிதான் துணைவருக்கு அடுத்த கேள்வி. அவர் தடுத்து, அழுத்தி, திருப்பித் தருகிறார். மூன்று, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறும். 'மூன்றுக்குப் பிறகு நான்கு' என்று மனப்பாடம் செய்யாமல், 'என் கம்பு இப்போது எங்கே நிற்கிறது, அங்கிருந்து எளிதாக எட்டும் இலக்கு எது' என்று கேட்டால் அடுத்த அடி தானே வந்து நிற்கும். வரிசையை அமைத்தவர்களும் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

எப்போ வேகத்தைக் கூட்டலாம்?

கூட்டுவது ஏற்பவரின் உரிமை; கொடுப்பவர் தாமாகக் கூட்டக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறினாலோ, மூச்சு அடைத்தாலோ, ஏற்பவர் கம்பைப் பார்த்துக் கண்ணை மூடினாலோ வேகம் அதிகம் என்று பொருள். பார்வை கம்பின் நுனியில் இருக்கக் கூடாது. துணைவரின் நெஞ்சும் தோளும் பார்வைக்குள் இருந்தால் கம்பு கிளம்பும் முன்பே செய்தி வந்துவிடும்.

எனக்குச் சிலம்பம் தெரியும். அது உதவுமா, தொந்தரவா?

இரண்டும்தான். காலடி வரிசை பழகிய கால்களும் தளர்ந்த மணிக்கட்டும் ஆறு மாத உழைப்பை மிச்சப்படுத்தும். ஆனால் ஆள் உயரத்தை ஒட்டிய நெடுங்கம்பின் தூரம் உடம்பில் ஊறியிருப்பதால், 28 அங்குலக் கம்போடு வெகு தொலைவில் நிற்பீர்கள்; மேலே மூன்று தூரங்களைப் பற்றிச் சொன்ன விடையில் உள்ள தோள் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். வெறுங்கை என்ற ஒன்று இருப்பதும் மறந்துபோகும்: நெடுங்கம்பில் இரு கைகளுக்கும் வேலை இருந்ததால், இங்கே வேலையில்லாத கை இடுப்புக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். என்னோடு பழகிய சிலம்ப மாணவர் ஒருவருக்கு அதை நெஞ்சுக்குக் கொண்டுவர ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

துணைவர் இடதுகைக்காரர். எல்லாமே தலைகீழா வருது. வேற ஆளை மாத்திக்கலாமா?

மாற்றிக்கொள்ளாதீர்கள், அத்தகைய துணைவர் கிடைப்பது அரிது. வலக்கை வலக்கையைச் சந்திக்கும்போது திறக்கும் வழிகள் மூடிக்கொண்டு வேறு வழிகள் திறக்கின்றன. அவருடைய ஆயுதக் கையின் வெளிப்புறத்துக்கு நகர்வதை முதலில் பழகுங்கள். உயர வேறுபாட்டுக்கும் இதே விடைதான். இலக்கு துணைவரின் நெற்றிப்பொட்டு என்றால் அது அவருடைய நெற்றிப்பொட்டு. உங்கள் உயரத்தில் கற்பனை செய்துகொண்ட ஒன்று அன்று.

ஒருத்தர் எப்பவுமே ரொம்ப பலமா அடிக்கிறார். எப்படிச் சொல்றது? சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாரே?

கம்பைத் தாழ்த்தி, ஓரடி பின்வாங்கி, "மெதுவாகத் தாருங்கள், இந்தத் தடுப்பு எனக்கு இன்னும் அமையவில்லை" என்று சொல்லுங்கள். அடியைக் குறை சொல்லாமல் உங்கள் பயிற்சிக்கு எது வேண்டுமென்று கேட்பதால் அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதிலுக்குப் பலமாக அடித்துப் புரியவைக்கும் வழி எப்போதும் காயத்தில்தான் முடியும். மூன்று முறை சொல்லியும் மாறாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவரைக் குரோ என்று அழைக்கிறோமே, அது வடமொழியின் குரு மலாய் வழியாகக் கடல் கடந்து போய் அங்கே தங்கிய சொல். பொறுப்பும் அதே பொறுப்புதான்.

பெண்களோடு பழகும்போது சிலர் அடியை முழுவதும் விழுங்கிவிடுகிறார்கள். அது மரியாதை ஆகாது. முன்னே சொன்ன பொய் அடியின் இன்னொரு வடிவம் அது. வேகத்தை அவர் கேட்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, குறியை உண்மையாக வையுங்கள்.

கோபிச்சுக்காதீங்க அண்ணா, இதெல்லாம் மனப்பாடம் பண்ணின டான்ஸ் தானே? அடுத்த அடி எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமே?

கோபம் இல்லை, பாதி உண்மை. வரிசை தெரிந்த பிறகும் வருடக்கணக்கில் அதையே சுற்றிக்கொண்டிருந்தால் அது நடனம்தான், அதுவும் பக்கவாத்தியம் இல்லாத நடனம். வரிசை என்பது எழுத்துப் பயிற்சி. கை அதன் பாதையை அறிந்த பிறகு, வரிசையை உடைக்கத் தொடங்க வேண்டும்.

உடைப்பதில் படிகள் உண்டு. முதலில் தாளத்தை உடைக்கலாம்: அடிகள் அதே அடிகள், ஆனால் ஒன்று அரைக் கணம் தாமதித்து வரும். ஏற்பவர் வெறும் தாளத்தைப் பின்பற்றியவர் என்றால் அந்த அரைக் கணத்தில் அவர் கம்பு ஆளில்லாத இடத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அடுத்து இடையில் ஓர் அயல் அடியைச் செருகலாம். சும்பிராதாவின் நடுவில் எதிர்பாராமல் ஒரு குத்து வரும், ஏற்பவர் அதைச் சமாளித்து மீண்டும் வரிசைக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவதாக, ஹுபுத்திலிருந்து கம்புக்கு, லார்கோவிலிருந்து கோர்ட்டோவுக்கு என்று அறிவிக்காமல் மாறலாம். இறுதியில் வரிசையே இருக்காது.

பாலின்தாவாக் பள்ளியில் இது இன்னும் வெளிப்படை. அன்சியோங் என்று அழைக்கப்பட்ட பாகோனும் அவர் கூட்டாளிகளும், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பின்புறத்தில் பழகினார்கள். அந்தத் தெருவின் பெயரே பள்ளியின் பெயராயிற்று. அங்கே ஆசிரியர் மாணவரின் எதிரே நின்று, மெடியோ தூரத்தில், ஒற்றைக் கம்போடு அடிமேல் அடியாகக் கொடுத்துக்கொண்டே போகிறார். வழிநடத்துதல் என்ற பொருளில் அதை அகாக் என்கிறார்கள். மாணவர் தாங்கும் எல்லைக்கு ஒரு நூலிழை மேலே வேகமும் வரிசையற்ற தன்மையும் நிற்கும். அடி கொடுப்பவரின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்று ஐயம் இருப்பவர்கள் பத்து நிமிடம் அகாக்கில் நின்று பார்க்கலாம். கவசம் அணிந்து முழு விசையோடு மோதும் போட்டிகளும் உண்டு. 1989-இல் செபுவில் முதல் உலகப் போட்டி நடந்தது. அங்கே சினாவாலியின் அழகு எதுவும் தெரியாது; ஆனால் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு அடியும் உண்மையாக இருக்கும்.

இதைப் பழகினா கத்தியோட வர்றவனைச் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம் என்று எவராவது உறுதி கொடுத்தால் அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறுங்கள். கத்திப் பயிற்சியும் இக்கலையில் உண்டு. நீளக் கம்பும் குறுங்கத்தியும் சேர்ந்த எஸ்பாதா ஈ தாகா உண்டு. மரக்கத்தியோடு ஹுபுத் செய்வதும் உண்டு. அதைச் சாக்பீஸ் பொடி தடவிய கத்தியோடு ஒரு நிமிடம் செய்துவிட்டு உங்கள் சட்டையைப் பாருங்கள். தடுத்ததாக நினைத்த ஒவ்வொரு முறையும் முன்கையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தப் பயிற்சி கற்றுத்தரும் முதல் பாடம் ஓட முடிந்தால் ஓட வேண்டும் என்பது. ஓட வழியில்லாதபோது கையில் கிடைத்த எதையாவது குறுக்கே வைத்துத் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்பது அடுத்தது. மாணவர்களுள் இதைக் கேட்டு ஏமாற்றமடைந்தவர்கள் உண்டு. ஆனால் மருத்துவம் படிக்கிறவர்கள், முன்கையில் எத்தனை நாளங்களும் நரம்புகளும் ஓடுகின்றன என்பதை எனக்குச் சொல்லித்தரத் தகுதியுள்ளவர்கள்.

படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போறேன். அங்கே துணைக்கு ஆள் கிடைக்காது. எப்படித் தொடர்வது?

துணைவர் தருவதில் ஒரு பகுதியை மட்டும் ஈடுசெய்யலாம். பழைய டயர் ஒன்றை மரக்கிளையிலோ தூணிலோ கட்டித் தொங்கவிட்டு அடியுங்கள். மோதும் விசை கைக்குத் திரும்பி வருவதை அது காட்டும், பிடி தளர்ந்திருந்தால் கம்பு கையைவிட்டுப் பறந்து அதையும் காட்டும். கரென்சாவை நாள்தோறும் பத்து நிமிடம் செய்யுங்கள். ஆனால் எதிரே ஒருவர் நிற்பதாகக் கொண்டு, அவர் நெற்றிப்பொட்டு இருக்கும் உயரத்தைச் சுவரில் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் கையில் கொடுத்து, ஒன்றாம் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டே அடிகள், உண்மையான குறி, மெதுவான வேகம். அதை வைத்தே பல மாதங்கள் பழகலாம்.

விமானத்தில் பிரம்பை கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் வைத்துச் சரக்காக அனுப்பிவிடுங்கள். 28 அங்குலம் சாதாரணப் பெட்டியில் நேராகக் கிடக்காது, மூலைக்கு மூலை சாய்த்து வைத்துப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அரை அங்குலம் அறுத்துவிடலாம், நுனிப் பக்கம்; புன்யோ பக்கம் வேண்டாம்.